விமானத்தின் வாலைப் பிடித்தவர்

நீங்கள் கம்ப்யூட்டரில் விமானம் பார்த்து வளர்ந்தவர்கள். திரையில் இறக்கையை முறுக்கிப் பார்த்து, சிவப்பு விழுந்தால் திருத்தி, பச்சை வந்தால் காபி குடிக்கப் போகிறவர்கள். எனக்கு அதில் பொறாமைதான், மறைப்பானேன். ஆனாலும் இந்தத் தொழிலில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். விமானம் கிளம்பி நிற்கிறது, ஊரே வேடிக்கை பார்க்கிறது, விசாவும் வேலையும் ஒரே ஆளின் கையில் இருக்கிறது. அந்த நேரத்தில், 'நிறுத்துங்கள், தப்பு என்னுடையது' என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியும் என்று அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். நானும் அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

நடந்தது தொண்ணூறுகளின் நடுவில், டெக்சஸில். நாங்கள் சுகர் லேண்டில் ஒரு அபார்ட்மென்டில் இருந்தோம். அங்கிருந்து ஃப்ரீவேயில் முக்கால் மணி நேரம் போனால் ஒரு புல்வெளி. அதில் ஒரு தகரக் கொட்டகை, காற்றின் திசை காட்டும் ஒரு துணிப்பை, பத்துப் பன்னிரண்டு பழைய விமானங்கள். தனியார் மியூசியம். அதன் சொந்தக்காரர் டேல், எண்ணெய்க் கம்பெனியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தூங்கும்போது தவிர எப்போதும் தொப்பி. 'குட் மார்னிங்' என்று அவர் சொன்னால்கூட உத்தரவு போட்டது போல் இருக்கும். என் முழுப்பெயர் முத்துக்குமாரசாமி என்றதும் கையை உயர்த்தி நிறுத்தி, கடைசியிலிருந்து ஒரு துண்டை ஒடித்து 'சாம்' என்று வைத்துக்கொண்டார். அவரும் மற்றவர்களும் பேசியது டெக்சஸ் இங்கிலீஷ். நான் நம் பேச்சில் தருகிறேன்.

இன்டர்வியூவில் அவர் கேட்ட முதல் கேள்வி என் சொந்த ஊர். கடலூர் என்றேன். அலமாரியிலிருந்து அட்லஸை எடுத்து விரலை ஓட்டினார். விரல் பக்கத்திலிருந்த பாண்டிச்சேரியில் நின்றது.

"பக்கத்துல பிரெஞ்சு ஊர் இருக்கே. உனக்கு பிரெஞ்சு தெரியுமா?"

அதற்கு முன் இரண்டு கம்பெனிகள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியிருந்தன. "கொஞ்சம் தெரியும்" என்றேன். பாண்டிச்சேரியில் போலீஸ்காரர் சிவப்புத் தொப்பி போட்டிருப்பார் என்பது வரை எனக்கு பிரெஞ்சு தெரியும்.

டேல் மகிழ்ந்து போய் ஒரு அட்டைப்பெட்டியை என் மடியில் வைத்தார். உள்ளே கையெழுத்து நோட்டு ஒன்றின் ஜெராக்ஸ், கட்டுக்கட்டாக. வடக்கு பிரான்சில் ஏதோ ஒரு சின்ன ஊரில், விமானம் என்ற சொல்லே புதிதாக இருந்த காலத்தில், குடை செய்யும் தொழிற்சாலை வைத்திருந்த ஒருவர் தானே விமானம் கட்டிப் பறந்தார். பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. இன்று அவர் ஊர்க்காரர்களுக்கே தெரியாதாம். நாங்கள் அவரைக் குடைக்காரர் என்றே அழைத்தோம். அவருடைய விமானத்தை அச்சு அசலாகத் திரும்பக் கட்டி, அதைப் பறக்கவிட்டுக் காட்ட வேண்டும் என்பது டேலின் கனவு. கனவு என்றால் ஆசை மட்டுமல்ல. மியூசியம் தள்ளாடிக்கொண்டிருந்தது. அது பறந்தால் புரவலர்கள் வருவார்கள், பறக்காவிட்டால் கொட்டகைக்குப் பூட்டு. கொட்டகைக்குப் பூட்டு விழுந்தால் எனக்கு வேலையில்லை. வேலையில்லாவிட்டால், டேல் எனக்காகப் போட்டிருந்த கிரீன் கார்டு விண்ணப்பமும் அதோடு சரி.

நோட்டு குடைக்காரர் எழுதியதல்ல, அவருடைய மெக்கானிக் எழுதியது. அளவுகள், மரம், கம்பி, துணி எல்லாம் அதில்தான் இருந்தன. பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. கொட்டகைச் சுவரில் பெரிதாக்கி மாட்டியிருந்த ஒரே போட்டோவில் குடைக்காரர் முன்னால் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பார். ஓரத்தில் விமானத்தின் வாலை இரண்டு கைகள் பிடித்திருக்கும். கைகளுக்கு மேல் ஒரு தொப்பியின் நுனி தெரியும், முகத்தைச் சட்டம் வெட்டியிருக்கும். அந்தக் கைகள்தான் நோட்டை எழுதியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டோம்.

அட்டைப்பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்து என் மனைவி வசந்தியின் காலடியில் வைத்தேன். அவள் மெட்ராஸில் பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தவள். தமிழைவிட அதில் மார்க் கொட்டும் என்பதற்காக எடுத்தது. கொட்டவும் செய்தது.

"எனக்கு பிரெஞ்சுல மார்க் வாங்கத் தெரியும்ங்க. பிரெஞ்சு தெரியாது" என்றாள்.

"உனக்கே தெரியலன்னா நான் எங்க போறது? தெரியும்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"யாரைக் கேட்டு சொன்னீங்க?"

"அட்லஸ் கேட்டுச்சு, சொல்லிட்டேன்."

வசந்தி எம்.எஸ்சி. படித்தவள். ஆனால் அவளுடைய விசாவில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. மகள் நித்யா ஸ்கூலுக்குப் போன பிறகு வீட்டில் அவளும் மைக்ரோவேவும்தான். இரண்டு நாள் திட்டிவிட்டு, மூன்றாம் நாள் லைப்ரரியிலிருந்து பெரிய டிக்‌ஷனரி ஒன்றைக் கொண்டுவந்து உட்கார்ந்துவிட்டாள். தினம் நாலு பக்கம். சாயங்காலம் நான் வந்ததும் காபியோடு குடைக்காரரின் கதையும் வரும்.

என்ன மனிதர் தெரியுமா அவர். காற்றில் குடை திருப்பிக்கொண்டு தொழிலாளிப் பெண் ஒருத்தியை நாலடி இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்ததும் அவருக்குப் பறக்கும் பித்து பிடித்ததாம். முதல் விமானத்தின் இறக்கையை அவர் குடை போலவே மடக்கி விரிக்கும்படி செய்தார். அது வயலின் நடுவில், நல்ல குடை போலச் சமர்த்தாக மடங்கிக்கொண்டது. இரண்டாவது, பீட்ரூட் தோட்டத்தில் இறங்கியது. நாலாவது, வாத்துக் குளத்தில். ஐந்தாவது, பாதிரியாரின் கோழிக்கூண்டின் மேல். அதன் பிறகு ஊர்ப் பாதிரியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் ஆகாயத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாராம். எட்டு விமானம் கட்டினார், எட்டும் விழுந்தன. குடைத் தொழிற்சாலையில் பாதி போயிற்று. மனைவி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய், அங்கே சலித்துப்போய்த் திரும்பி வந்தாள்.

இத்தனைக்கும் அவர் முட்டாள் அல்ல. ஒரே ஒரு கோளாறு. சகுனம் பார்ப்பதில் நமக்கெல்லாம் அண்ணன். விமானம் கிளம்பும் நேரத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு சொல் காதில் விழுந்தால் அபசகுனம். பேசியவனை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

ஒரு நாள் வசந்தி, "இந்த மெக்கானிக் எல்லா விபத்தையும் ஒரே மாதிரி முடிக்கறார்ங்க" என்றாள். "'பார்த்தேன். சொல்லவில்லை.' அவ்ளோதான். அடுத்த பக்கமும் அதே."

"அப்படின்னா?"

"நம்ம லெட்டர்ல 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள'ன்னு போடறோமே, அந்த மாதிரி. பிரெஞ்சுல லெட்டர் முடிக்கறதுக்குன்னே எங்களுக்கு அஞ்சு மார்க் உண்டு."

மார்க் வாங்கியவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வரி வரும் இடத்தில் எல்லாம் அவள் 'வ.போ.' என்று எழுதத் தொடங்கினாள். வழக்கம்போல என்பதன் சுருக்கம். நானும் 'வ.போ.' வந்தால் பக்கத்தைத் திருப்புவேன்.

விமானம் வளர்ந்தது. குடைக்காரரின் ஒன்பதாவது விமானம் அது, பறந்த விமானம். அதற்கு டேல் எங்கோ தேடி அந்தக் காலத்து இன்ஜின் ஒன்றை வாங்கி வந்தார். அதில் சிலிண்டர்களே புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். அதற்கு ஊற்ற வேண்டிய எண்ணெய் எது தெரியுமா? விளக்கெண்ணெய். ஊற்றிய எண்ணெய் உள்ளே தங்காது, சுழன்று சுழன்று பைலட்டின் முகத்தில் அடித்துவிட்டுப் போகும். படங்களில் பழைய பைலட்டுகள் கழுத்தில் பட்டுத் துணி சுற்றியிருப்பார்களே, அழகுக்கு என்று நினைத்திருந்தேன். முகம் துடைக்கத்தான்.

ஆர்டர் செய்த எண்ணெய் வந்து சேரத் தாமதமானது. டேல் கையைப் பிசைந்தார். நான் ஹில்கிராஃப்ட் பக்கம் இருந்த இந்தியன் மளிகைக் கடைக்குப் போனேன். கடைக்கார ஆன்ட்டி திருச்சிப் பக்கம். அலமாரியில் இருந்த விளக்கெண்ணெய் பாட்டில் அத்தனையும் எடுத்துக் கவுன்ட்டரில் அடுக்கினேன். ஆன்ட்டி என் வயிற்றைப் பார்த்தார்.

"வீட்ல யாருக்குப்பா இவ்ளோ கஷ்டம்?"

"ஏரோப்ளேனுக்கு, ஆன்ட்டி."

"சரிப்பா, சொல்ல வேண்டாம்னா விடு. எதுக்கும் ஒரு டாக்டரைப் பாத்துடு." போகும்போது ஒரு ஓமம் பாக்கெட்டைச் சும்மா கொடுத்தார்.

ஆன்ட்டி தப்பாகச் சொல்லவில்லை. எங்கள் பைலட் வால்ட், வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டியே தலை நரைத்தவர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான் பேசுவார். முதல் முறை இன்ஜினை ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கியவர் அந்த நாலையும் பேசாமல் நேராகக் கழிப்பறைக்கு ஓடினார். முகத்தில் அடித்த எண்ணெயில் கால்வாசி வாய்க்குள் போயிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை காலையில் மூக்கைப் பிடித்து ஊற்றப்பட்டு வளர்ந்த பரம்பரை நாம், நமக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. மறுநாளிலிருந்து வசந்தி அவருக்குத் தயிர்சாதமும் மோரும் கட்டிக் கொடுத்தாள். வால்ட் மூன்றே நாளில் தயிர்சாதத்துக்கு அடிமையாகி, வயிறு சரியான பின்பும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது காலி டப்பாவையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

இன்னொன்று சொல்லிவிட வேண்டும். அந்த விமானத்துக்கு பிரேக் கிடையாது. இன்ஜின் போட்டதும் அது பாட்டுக்குக் கிளம்பிவிடும். அதனால் இரண்டு பேர் பின்னால் ஆளுக்கு ஒரு பக்கமாக வாலைப் பிடித்து நிற்க வேண்டும். பைலட் கையை உயர்த்தினால் விட வேண்டும். வால் பிடிக்கிறவன் என்றால் நம் ஊரில் வசவு. அங்கே அது டேலும் நானும் பார்த்த வேலை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் பறப்பு என்று நாள் குறித்தார் டேல். புரவலர்கள், அவர்கள் குடும்பம், உள்ளூர் டிவி கேமரா எல்லாம் வரும். வெள்ளிக்கிழமை பிற்பகல் கடைசி முறையாக எல்லாவற்றையும் தடவிப் பார்த்தபோது, இறக்கைக் கம்பி ஒன்றில் ஒரு இழை பிசிறியிருந்தது. இறக்கைக் கம்பி என்றால் சாதாரணமல்ல. விமானத்தைச் சாய்க்க அதில் வேறு ஏற்பாடு இல்லை. பைலட் குச்சியை இடது பக்கம் தள்ளினால் கம்பி இழுத்து இறக்கையையே முறுக்கும். இடது இறக்கையின் பின்விளிம்பு மேலே போக, விமானம் இடது பக்கம் சாயும். பிசிறிய கம்பியை நானே மாற்றினேன், இரு பக்கக் கம்பிகளையும் கழற்றி நானே மாட்டினேன். காலையில் விமானத்துக்குப் பின்னால் நின்று சரிபார்த்துவிட்டால் முடிந்தது என்று வீட்டுக்குப் போனேன். பின்னால் நின்று பார்க்க வேண்டும் என்பதும் நான் எழுதிய விதிதான்.

வீட்டில் மெட்ராஸிலிருந்து மாமியார் போனில் இருந்தார்.

"மாப்பிள்ளை, சனிக்கிழமை ஒன்பதுலேர்ந்து பத்தரை ராகு காலமாச்சே. பத்து மணிக்கா ஏரோப்ளேன் கிளப்பப் போறீங்க?"

"அத்தை, இங்க டைம் வேற."

"உங்க ஊர் டைம்தான் சொல்றேன். ராகுவுக்கு அமெரிக்கா தெரியாதா? ஒன்பது மணிக்கு முன்னாடி ஒரு அடி வெளிய நகத்தி வச்சுடுங்க. கிளம்பினதா ஆயிடும். வசந்தி சொல்றா, இதுலதான் உங்க கிரீன் கார்டே இருக்குன்னு."

ஏரோநாட்டிக்கல் இன்ஜினியரிங் படித்தவன் நான். காற்றழுத்தக் கணக்கெல்லாம் போட்டவன். சனிக்கிழமை எட்டு நாற்பதுக்கு விமானத்தை நாலு பேராகத் தள்ளி, மூக்கு மட்டும் கொட்டகைக்கு வெளியே நீட்டும்படி நிறுத்திவைத்தேன். எதற்கு என்று கேட்ட டேலிடம், இன்ஜினில் கொஞ்சம் வெயில் படட்டும் என்றேன். அவர் நம்பினார். டெக்சஸ் வெயில் அன்று எண்ணெய் வைத்தால் தானே காயும் வெயில், அதையும் யோசிக்கவில்லை பாவம்.

சரிபார்க்கும் நேரம் வந்தது. வால் கொட்டகைக்குள் இருந்தது. வாலுக்குப் பின்னால் விருந்தினர்களுக்கான மடக்கு நாற்காலிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. அங்கே நிற்க இடமில்லை. விமானத்தை ஓரடி உள்ளே இழுத்திருந்தால் இறக்கைக்கும் வாசல் தூணுக்கும் நடுவில் புகுந்து இறக்கையின் பின்பக்கமாவது போயிருக்கலாம். ஆனால் நல்ல நேரத்தில் கிளம்பியதைத் திரும்ப உள்ளே இழுப்பதா? மனசு ஒப்பவில்லை. முன்னால் போய் நின்றேன். வால்ட் உட்கார்ந்து, "இடது" என்று குச்சியைத் தள்ளினார். என் இடது கைப் பக்கம் இருந்த இறக்கையின் விளிம்பு மேலே போனது. "சரி" என்றேன். "வலது" என்றார். என் வலது பக்கம் மேலே போனது. "சரி." தாளில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

உங்களில் கூர்மையான ஆட்கள் இப்போதே நெற்றியில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். எதிரே நிற்பவனுக்கு இடது எது, வலது எது? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய வேலையை நான் ராகுவைப் பார்த்துக்கொண்டே செய்தேன்.

பத்து மணி. கூட்டம் நிறைந்திருந்தது. வசந்தி நித்யாவைத் தோளில் தூக்கி வைத்திருந்தாள். விமானம் புல்லின் நடுவில், டேல் வாலின் வலப்பக்கம், நான் இடப்பக்கம். இன்ஜின் பிடித்ததும் காது அடைத்தது, விளக்கெண்ணெய்ச் சாரல் பறந்து வந்து முகத்தில் அடித்தது. வால்ட் கிளம்புவதற்கு முன் வழக்கமாகச் செய்வது போல் குச்சியை இடது பக்கம் ஒரு தரம் தள்ளிப் பார்த்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் முழங்கை இடது பக்கம் போனதைப் பார்த்தேன். என் தலைக்கு முன்னால் இருந்த இடது இறக்கையின் விளிம்பு மேலே போக வேண்டும். அது கீழே வந்தது.

விமானம் இப்படியே மேலே போனால், காற்று ஒரு பக்கம் தள்ளும்போது வால்ட் நிமிர்த்தப் பார்ப்பார். நிமிர்த்த நிமிர்த்த அது இன்னும் சாயும். பத்து நொடிகூட ஆகாது. வால்ட்டின் உயிர் போகும் என்பது முதலில் தோன்றியது. இரண்டாவதாகத் தோன்றியது, வாயைத் திறந்தால் என் கையெழுத்துப் போட்ட தாள் வெளியே வரும் என்பது. இரண்டுக்கும் நடுவில் அதிக நேரம் இல்லை என்பதுதான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

கிளம்புகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். "வால்ட், நிறுத்துங்க." அந்தச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. வால்ட் கையை உயர்த்தினார். டேல் வாலை விட்டார். நான் விடவில்லை.

ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் பிடித்தால் என்ன ஆகும்? விமானம் நேராக ஓடவில்லை. என்னை நடுவில் வைத்துச் செக்கு மாடு போல வட்டமடிக்க ஆரம்பித்தது. முதல் சுற்றில் நின்றபடி, இரண்டாவது சுற்றில் முழங்காலில், மூன்றாவது சுற்றில் வயிற்றால் புல்லைத் தேய்த்தபடி. முகமெல்லாம் எண்ணெய், வாயெல்லாம் புல். டேல் தொப்பியைக் கையில் எடுத்து வீசியபடி பின்னாலேயே ஓடி வந்தார், என்னைக் காப்பாற்றவா அடிக்கவா என்று அப்போது தெரியவில்லை. கூட்டம் இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்துக் கை தட்டியது. நாலாவது சுற்றில் வால்ட் திரும்பிப் பார்த்து இன்ஜினை அணைத்தார்.

திடீரென்று அமைதி. நான் வாலைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன்.

"என்ன பண்ற சாம்?" டேல் மூச்சிரைக்கக் கேட்டார்.

அந்த நேரத்தில் மூளை எத்தனை வேகமாகப் பொய் தயாரிக்கும் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். காற்று சரியில்லை. இன்ஜின் சத்தம் வித்தியாசமாக இருந்தது. கால் தடுக்கிவிட்டது. மூன்றுமே நல்ல பொய்கள். எதைச் சொன்னாலும் பத்து நிமிஷம் கழித்து வால்ட் அதே கம்பிகளோடு மேலே போவார். எண்ணெய் வழியும் முகத்தோடு அவர் இறங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பியை மாத்திக் கட்டிட்டேன். காலைல முன்னாடி நின்னு பாத்து சரின்னு கையெழுத்தும் போட்டேன். தப்பு என்னுது" என்றேன்.

டேலின் முகம் தக்காளியானது. டிவி கேமரா ஓடிக்கொண்டிருந்தது. "உனக்கு வேலை போச்சு. இப்பவே" என்றார்.

வால்ட் இறங்கினார். டேலை உட்கார வைத்துக் குச்சியைத் தள்ளச் சொல்லிவிட்டு, பின்னால் வந்து என் பக்கத்தில் நின்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மாத்த எவ்ளோ நேரம்?"

"அரை மணி."

"கட்டு."

"இவன் இங்க வேலைலயே இல்ல" என்றார் டேல்.

வால்ட் தன் வாழ்நாளின் நீளமான பேச்சைப் பேசினார். "தப்பா கட்டினேன்னு சொல்றவன் கட்டினாத்தான் நான் ஏறுவேன். இல்லன்னா நீயே ஏறிக்கோ."

கட்டினேன். இந்த முறை டேல், வால்ட், நான் மூவரும் ஒருவர் மாற்றி ஒருவர் பின்னால் நின்று பார்த்தோம். விமானம் தரையை விட்டபோது மணி பத்து முப்பத்தெட்டு. புல்வெளியை ஒரு முறை சுற்றி, ஓரத்து மரங்களில் உரசாமல், மெதுவாக இடது பக்கம் சாய்ந்து, சாய்ந்தது நிமிர்ந்து, வந்து இறங்கியது. நான் அழுதேன். எண்ணெய் முகத்தில் அது யாருக்கும் தெரியவில்லை. மெட்ராஸுக்குச் செய்தி போனதும் மாமியார், ராகு காலம் முடிந்து எட்டு நிமிஷம் கழித்துக் கிளம்பியதால்தான் பறந்தது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

டேல் என் பக்கமே வராமல் விருந்தினர்களோடு கை குலுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் வீட்டுக்கு வந்தோம்.

நித்யா காரிலேயே கேட்டாள். "அப்பா, ஆர் யூ ஃபயர்ட்?"

"தெரியலம்மா."

"டூ வீ ஹேவ் டு கோ பேக்?"

ஆறு வயதுக் குழந்தைக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று வசந்தியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் சமையலறையில் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. குளித்தேன், மறுபடியும் குளித்தேன், விளக்கெண்ணெய் வாசனை போகவில்லை. மேஜையில் வசந்தியின் மொழிபெயர்ப்புக் கட்டு இருந்தது. எட்டு விபத்துப் பக்கங்களிலும் அதே வரி, இல்லையென்றால் 'வ.போ.' கடைசிப் பக்கம், ஒன்பதாவது விமானம் பறந்த நாள். அதிலும் கீழே 'வ.போ.'

"வசந்தி, இது விபத்து இல்லையே. இதுல எப்படி 'பார்த்தேன், சொல்லவில்லை' வரும்?"

அவள் ஜெராக்ஸை வாங்கி விளக்கடியில் பிடித்தாள். "'பார்த்தேன்'னு ஆரம்பிச்சுது. நீங்க வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்னு பறந்தீங்க. மீதி மங்கலா இருந்துது, வழக்கம்போலன்னு போட்டுட்டேன்." டிக்‌ஷனரியைத் திறந்தாள். ஒவ்வொரு சொல்லாக, விரல் வைத்து, மெதுவாகப் படித்தாள்.

"பார்த்தேன். சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. வாலை விடவில்லை. கம்பி கட்டினேன். வேலை போயிற்று. அவர் பறந்தார்."

அது கடிதம் முடிக்கும் வழக்கமல்ல. எட்டு முறை அந்த மனிதர் தப்பைக் கண்ணால் பார்த்துவிட்டு, சகுனத்துக்கும் சோற்றுக்கும் பயந்து வாயை மூடிக்கொண்டு, ராத்திரி நோட்டில் தன்னைத் தானே குற்றம் சாட்டி எழுதியிருக்கிறார். ஒன்பதாவது முறை மூடவில்லை.

"அப்புறம் என்ன ஆனார்?" என்றேன்.

"அப்புறம் நோட்டே இல்லங்க. வேலை போச்சுன்னா நோட்டும் போச்சு."

குடைக்காரரின் பிற்கால வாழ்க்கை எங்களுக்குத் தெரியும். பதினோரு நிமிஷம் பறந்து பக்கத்து ஊர்ச் சந்தையில் முட்டைக்கோஸ் கடையின் மேல் இறங்கினார். மாலை, மெடல், மேயர் பேச்சு. ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவு ஆற்றினார். விமானம் கட்டி விற்றார். யுத்தம் வந்து எல்லாம் போனது, திரும்பவும் குடை செய்தார், வயதாகிக் கட்டிலில் படுத்துச் செத்தார். தன் கதையைச் சிறு புத்தகமாகவும் எழுதினார். அதில் வரிக்கு வரி 'நான்' இருக்கிறது. வாலைப் பிடித்தவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

திங்கட்கிழமை சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கூடவே திருத்தி எழுதிய கடைசிப் பக்கம், இங்கிலீஷில். டேல் அதை நின்றபடி படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். நான் முதன்முதலாக அவரைத் தொப்பி இல்லாமல் பார்த்தேன், நடுவில் வழுக்கை.

சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. அழியாத மையுள்ள தடித்த பேனா ஒன்றை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். பறக்கும் நாளில் யாருக்கு என்ன வேலை என்று எழுதும் வெள்ளைப் பலகை அங்கே உண்டு. 'வால்' என்று இருந்த இடத்துக்கு எதிரே 'டேல், சாம்' என்றிருந்ததை முழங்கையால் அழித்தார்.

"உன் முழுப்பேரு என்ன?"

சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டார், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். முத்துக்குமார வரைக்கும் பலகையில் இடம் இருந்தது. அவர் நிறுத்தவில்லை, மீதியைச் சுவரில் எழுதினார். "இவன் விட்டாத்தான் விமானம் கிளம்பணும்" என்றார், உத்தரவு போடும் குரலில், யாரும் இல்லாத கொட்டகையைப் பார்த்து.

கிரீன் கார்டுக் கடிதத்தில் புதன்கிழமை கையெழுத்துப் போட்டார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. போட்டோவுக்கு அடியில் மட்டும் ஒரு சின்ன அட்டை புதிதாக வந்தது: 'வாலைப் பிடித்திருப்பவர், விமானத்தைப் பறக்க வைத்தவர். பெயர் தெரியவில்லை.' சில வருஷம் கழித்து வேறு வேலைக்கு நான் நியூ ஜெர்சி போகும் முன், கொட்டகைக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். சுவரில் இருந்த 'சாமி'யை அழிக்க வேண்டாம் என்று டேல் சொல்லிவிட்டார். பெயின்ட்காரர்கள் அதைச் சுற்றி அடித்துவிட்டுப் போனார்கள்.